ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி ரிலே: செய்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

நின்றால் இன்ஜின் சூடு ஏறுது, வண்டி நகர்ந்தால் இறங்கிடுது. இந்தப் புகார் வந்தாலே முதலில் பார்க்க வேண்டியது ஃபேனுக்குப் போகும் கரண்ட். ஆனால் எல்லோரும் கடைசியில்தான் அங்கே போறாங்க. என்னிடம் இருக்கும் பழைய பெட்ரோல் காரிலும் அதுதான் நடந்தது. கூலன்ட் மாற்றியாச்சு, ரேடியேட்டர் மூடி மாற்றியாச்சு, கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிப் போட்டுடலாமான்னு ஒரு மெக்கானிக் கேட்டார். (வேண்டாம். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழி மூடும். அதை எடுத்துட்டா தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே சரியாகப் போகாமல் சூடு இன்னும் கூடும்.) ஃபேன் சுற்றத்தான் செய்தது, அதனால் யாருக்கும் அதன் மேல சந்தேகம் வரலை.

மல்டிமீட்டர் வைத்தபோதுதான் பிடிபட்டது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட். அதே நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனின் கனெக்டரில் 11 கூட இல்லை. மூணு வோல்ட் வழியிலேயே காலி. ஃபேன் ஓடாதபோது அளந்தால் இது தெரியவே தெரியாது. கரண்ட் போனால்தான் இழப்பு காட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை ஃபேன் பிளஸ்ஸிலும் வைத்தேன். பிறகு அதே மாதிரி மைனஸ் பக்கம். இழப்பில் பாதிக்கு மேல் எர்த் பக்கம்தான். பாடியில் முறுக்கியிருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட்டும் துருவும். மீதி இழப்பு ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) சாக்கெட்டில். ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி லேசாக உருகி, பின்னின் பிடியே தளர்ந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வயரிங் என்பேன்.

நான் செய்த மாற்றம் இதுதான். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 40 ஆம்பியர் ரிலேயின் 30-ஆம் பின் (30, 87 பெரிய கரண்ட் போகும் பின்கள்; 85, 86 ரிலேயை இயக்கும் காயிலின் பின்கள்). 87-லிருந்து ஃபேனுக்கு. முன்பு ஃபேனுக்கு நேராக வந்துகொண்டிருந்த கம்பெனி வயரை 86-இல் கொடுத்து, 85-ஐ எர்த் செய்தேன். ஃபேனின் எர்த்தும் பாடியை நம்பாமல் தனி வயராக பேட்டரி மைனஸுக்கே போகுது. எப்போ ஓடணும் என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவே முடிவு பண்ணட்டும், கரண்ட் மட்டும் புது வழியில் போகட்டும் என்பது கணக்கு. பழைய வயரில் இப்போ ரிலே காயிலுக்கான கரண்ட் மட்டும்தான், கால் ஆம்பியருக்கும் குறைவு.

பலன்? முன்பு ஏசி போட்டு நின்றால் ஓபிடி ஸ்கேனரில் (ஈசியூவிலிருந்து அளவுகளைப் படிக்கும் கருவி) 106, 107 டிகிரி வரை போகும். இப்போ 97-இல் ஃபேன் ஆன், கொஞ்ச நேரத்தில் 92-க்கு இறங்கி ஆஃப். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளில் இந்த வித்தியாசம் தெரியலை, அன்றும் நடுவில்தான் நின்றது, இன்றும் நடுவில்தான். நிறைய கார்களில் சுமார் 80-லிருந்து 105 வரை முள் அசையாதபடிதான் வைத்திருக்காங்க. ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீங்க, செய்தது பலித்ததா என்றே தெரியாது.

இக்னிஷன் போட்டதுமே ஃபேன் ஓடுற மாதிரி வயரிங் செய்யலாமான்னு கேட்கிறவங்களுக்கு: தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில்தான் திறக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னாடி ரேடியேட்டரில் எவ்வளவு காற்றடித்தாலும் இன்ஜினுக்கு ஒரு பலனும் இல்லை. ஃபேன் மோட்டார் தேய்வதுதான் மிச்சம்.

வயரிங் வேலை செய்பவர்:

அண்ணா சொன்ன முறை சரி. நான் அதிகமா பார்க்கிறது வேற கேஸ். டேஷ்போர்டில் ஒரு சின்ன டாகிள் சுவிட்ச், அதன் வழியா ஃபேனோட மொத்த கரண்ட்டும். ஓடும்போதே 15, 20 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகிற நொடியில் அதுக்கு ரெண்டு மூணு மடங்கு. போன மழைக்காலத்தில் வந்த வண்டியில் சுவிட்ச் பின்பக்கம் உருகி, ஸ்பிரிங் வெளியே தொங்குது. ஓனர் சொல்றார், "ரெண்டு நாளா ஆஃப் பண்ணாலும் ஃபேன் ஓடுதுங்க." உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு, எப்படி ஆஃப் ஆகும்? ஃபியூஸும் கிடையாது, பேட்டரியிலிருந்து நேரா இழுத்திருக்காங்க. தீப்பிடிக்காமல் போனது அவர் அதிர்ஷ்டம்.

சுவிட்ச் வேணும்னா ரிலே காயிலில் போடுங்க. பெரும்பாலான வண்டியில் ஈசியூ ரிலேயோட எர்த் பக்கத்தைத்தான் கொடுத்து எடுக்கும். அதே வயருக்கு இன்னொரு எர்த் சுவிட்ச் வழியா கொடுத்தால் கைவசம் ஃபேனை ஓட விடலாம். சில ஈசியூ இதைப் பார்த்து பி0480 (ஃபேன் கன்ட்ரோல் சர்க்யூட் கோளாறு) கோடு போட்டு செக் இன்ஜின் விளக்கை எரிய விடும். அது பிடிக்கலைன்னா தனி ரிலே போட்டுக்கணும். ஃபேனிலேயே கன்ட்ரோல் மாட்யூல் இருக்கிற, பி.டபிள்யூ.எம் சிக்னலில் (வேகமா ஆன், ஆஃப் ஆகிற துடிப்பு) வேகம் மாறுற புது மாடல் வண்டியில் இந்தக் கைவேலை எதுவும் வேண்டாம். போர்டு போயிடும்.

பழைய கார்புரேட்டர் கார் வைத்திருப்பவர்:

எங்க வண்டியில் நடந்தது கொஞ்சம் விநோதம். இதற்கு முன்பு வைத்திருந்தவர் எலக்ட்ரிக் ஃபேன் மாற்றிப் போட்டிருந்தார். ஃபேன் ஓடும்போது சாவியைத் திருப்பி எடுத்துவிட்டாலும் இன்ஜின் நிற்காது! இரண்டு மூன்று நொடி தடதடவென்று ஓடிவிட்டுத்தான் நிற்கும். கார்புரேட்டரில் கோளாறு, உள்ளே கரி பிடித்து அந்தச் சூட்டில் எரிகிறது என்றெல்லாம் சொன்னார்கள்.

விஷயம் ரிலேயில் இருந்தது. 30-ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்காமல் இக்னிஷன் லைனிலேயே கொடுத்திருக்கிறார். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்குமே, அப்போது அந்த மோட்டார் டைனமோவாக மாறிக் கரண்டைத் திருப்பி அனுப்புகிறது. அது இக்னிஷன் லைனுக்குள் போய் ரிலேயையும் பிடித்து வைத்துக்கொள்கிறது, இக்னிஷன் காயிலுக்கும் உயிர் கொடுக்கிறது. 30-க்கு பேட்டரி, 86-க்கு மட்டும் இக்னிஷன் என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி வாங்கிய திட்டுதான் வீண்.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர்:

எனக்கு நேர்மாறான பிரச்சினை. நிற்கும்போது ஒன்றும் இல்லை, 90-இல் போய் மேடு ஏறினால் சூடு கூடும். ஃபேன் வயரிங்கைப் புதுசாகச் செய்து கொடுத்தார்கள், ஒரு டிகிரி கூடக் குறையவில்லை. குறையாது. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்கு அங்கே வேலையே இல்லை. கடைசியில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரைப் (ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் பாகம்) பிரித்து முன்னால் இழுத்தபோது தெரிந்தது: கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் காய்ந்த இலையும் கம்பளி போர்த்தியது போல அப்பிக்கிடந்தன. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, ஸ்கேனரில் 105 டிகிரியைப் பார்த்ததும் பதற வேண்டாம். பாதி கூலன்ட் பாதி தண்ணீர் கலவை திறந்த பாத்திரத்திலேயே 107 வாக்கில்தான் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்தால் 125-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் போயிருந்தால்தான் கதை வேறு.

சமீபத்தில் மோட்டார் மாற்றியவர்:

ஃபேன் மோட்டார் புதுசு, வோல்டேஜ் 13.5 வருது, ஆனாலும் நின்றால் சூடு. என்னவா இருக்கும்?

வயரிங் வேலை செய்பவர்:

பிளஸ் மைனஸ் மாறியிருக்கான்னு பாருங்க. மாறினாலும் சுற்றும், ஆனால் திசை தப்பு. காற்றை முன்னாடி தள்ளும். ஃபேன் ஓடும்போது கிரில் முன்னாடி ஒரு தாளைக் காட்டுங்க. ஒட்டிக்கிட்டா சரி. பறந்தால் வயரை மாற்றிப் போடுங்க.

சமீபத்தில் மோட்டார் மாற்றியவர்:

பறந்துச்சு சார்! மாற்றிட்டேன், நன்றி. இன்னொரு சந்தேகம், முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு. என் வண்டியில் ஃபேனுக்கு ரெண்டு வேகம். மெதுவான வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கு. நீங்க சொன்ன ரிலே போட்டா அது அப்படியே வேலை செய்யுமா?

முதல் பதிவு போட்டவர்:

செய்யாது தம்பி. ரெசிஸ்டரில் வோல்டேஜ் இறங்குவதே ஃபேன் இழுக்கிற பெரிய கரண்ட்டால்தான். அந்த இடத்தில் ரிலே காயில் வந்தால் கரண்ட் மிகக் குறைவு, இழப்பும் இருக்காது, ரிலே முழுசாகப் பிடிச்சுடும். அப்போ மெதுவான வேகத்துக்கான கட்டளை வந்தாலே ஃபேன் முழு வேகத்தில் ஓடும். கெடுதல் இல்லை, சத்தம் கூடும், அவ்வளவுதான். ரெண்டு வேகமும் வேணும்னா ரெண்டு ரிலே போட்டு, மெதுவான வேகத்துக்கான ரிலேயின் 87-க்கும் ஃபேனுக்கும் நடுவில் ரெசிஸ்டரை மாற்றி வைக்கணும். அது சூடாகும், காற்று படுற இடத்திலேயே இருக்கட்டும்.

கை வைக்கும் முன்னாடி பேட்டரி மைனஸைக் கழற்றிடுங்க. சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் திடீர்னு கிளம்பும்.