நள்ளிரவில் "கால் குடையுதும்மா": உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

என் மகளுக்கு அப்போது 5 வயது. படுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கெட்ட கனவு என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "கால் குடையுதும்மா" என்றாள். எங்கே என்று கேட்டால் ஓர் இடமாகக் காட்டத் தெரியவில்லை. கெண்டைக்காலைத் தொட்டாள், முழங்காலுக்குப் பின்பக்கம் தொட்டாள், அப்புறம் தொடை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, அடிபட்ட தடமும் இல்லை. மடியில் போட்டு நீவிவிட்டதும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். காலையில் கட்டிலிலிருந்து குதித்து ஓடினாள்.

அந்த ஓட்டத்தைப் பார்த்ததும், ராத்திரி அழுதது தூங்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான்கு நாள் கழித்து மறுபடி அதே அழுகை வந்தபோது, "காலையில நல்லாத்தானே ஓடுன, பேசாம படு" என்று சொல்லிவிட்டேன். அவளும் பேசாமல்தான் படுத்தாள். சிறிது நேரம் கழித்துப் போர்வையை விலக்கிப் பார்த்தால், தன் கெண்டைக்காலைத் தானே இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கிடக்கிறாள். அந்தப் பிஞ்சு விரல்களில் என்ன பலம் இருக்கும்! இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

மறுநாளே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். இரண்டு காலிலுமா, ஒன்றில் மட்டுமா? காலையில் வலி மிச்சம் இருக்கிறதா? நொண்டுகிறாளா? காய்ச்சல், எடை குறைவு, காரணமில்லாத சோர்வு உண்டா? இப்படி வரிசையாகக் கேட்டார். கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு மறக்காது. "வலிக்கும்போது நீங்கள் காலைப் பிடித்துவிட்டால் விடுகிறாளா, கையைத் தட்டிவிடுகிறாளா?" தட்டிவிடுவதா? என் கையை இழுத்து இழுத்துத் தன் காலில் வைத்துக்கொள்வாள். மூட்டுகளை மடக்கி, திருப்பி, நடக்கவிட்டுப் பார்த்தார். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இவளுக்குத் தேவையில்லை, இது வளர்ச்சி வலி என்றார்.

பெரும்பாலும் 3 வயதிலிருந்து 12 வயதுக்குள் வருமாம். 1823-ல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் எலும்பு வளர்வதால்தான் வலிக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிள்ளைகள் வேகமாக வளரும் காலத்துக்கும் இந்த வலி வரும் காலத்துக்கும் பொருத்தமும் இல்லை. அதிகமாக ஓடிக் குதித்த நாளின் இரவில் பல பிள்ளைகளுக்கு வருகிறது என்றார். எங்கள் வீட்டில் அது அப்படியே சரி. அப்புறம் அவர் சொன்னார்: "காரணம் தெளிவாகத் தெரியவில்லை என்பதால் வலி பொய் ஆகிவிடாது."

அன்றிலிருந்து பெரிய விளக்கைப் போடுவதில்லை. கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போவேன். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, முதலில் என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஒத்தடம். கண் சொக்கும்போதே பையை எடுத்துவிடுவேன், தூக்கத்தில் தோல் வெந்துவிடக் கூடாது. பிறகு குதிகாலைக் கையில் தாங்கி, முழங்காலை மடக்காமல், பாதத்தின் முன்பகுதியை அவள் முகத்தை நோக்கி மெல்லத் தள்ளிப் பிடிப்பேன். 20 வரை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம். 14, 15 வரும்போது அவள் குரல் தேய்ந்துபோகும். அதிகம் விளையாடிய நாட்களில் இந்த நீட்டல் பயிற்சியைப் படுப்பதற்கு முன்பே செய்துவிடுகிறோம். அப்படிச் செய்த நாட்களில் நடுராத்திரி அழுகை குறைந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. பாராசிட்டமால் இதுவரை மூன்றே முறைதான் கொடுத்திருக்கிறேன், எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில். ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

*

நீங்கள் எழுதிய அந்தக் கேள்விகளை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வாரம் தவறவிட்டேன்.

என் மகனுக்கு 6 வயது. வலது முழங்கால் வலிக்கிறது என்றான். வீட்டில் எல்லாரும் வளர்ச்சி வலி என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். நீவிவிடப் போனால் காலை இழுத்துக்கொண்டான். காலையில் லேசாக நொண்டினான், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் மருத்துவர் முழங்காலை அதிக நேரம் பார்க்கவே இல்லை. படுக்கவைத்து இடுப்பு மூட்டை உள்பக்கம் திருப்பினார், வீல் என்று கத்தினான். இடுப்பில் கோளாறு இருந்தால் வலி முழங்காலில் தெரிவது உண்டாம், எனக்கு அன்றுதான் தெரியும். ஸ்கேனில் மூட்டுக்குள் நீர் கோத்திருந்தது. அதற்கு முன்பு வந்த சளிக் காய்ச்சலைத் தொடர்ந்து வந்த அழற்சி, தானாகவே அடங்கிவிடும் வகை என்றார்கள். ஓய்வும் மருந்துமாக இரண்டு வாரத்தில் பழையபடி ஓடினான். ஆனால் நொண்டலோடு காய்ச்சலும் இருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். மூட்டில் கிருமித் தொற்றாக இருந்தால் மணிக்கணக்குகூட முக்கியமாம்.

இரவு என்ன நடந்தாலும் சரி, காலையில் பிள்ளை எழுந்து வைக்கும் முதல் பத்து அடியைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வலித்தாலோ, நடை மாறியிருந்தாலோ கூட்டிப் போய்விடுங்கள்.

*

நான் பெற்றவள் இல்லை, சின்ன வயதில் இந்த வலியை அனுபவித்தவள். வலி எப்படி இருந்தது என்பது மறந்தேபோய்விட்டது. அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டு பிடித்துவிடுவது மட்டும் நினைவிருக்கிறது. கை நின்றுவிட்டால் கால் பெருவிரலால் அவர் உள்ளங்கையைத் தட்டுவேன். கண்ணைத் திறக்காமலே மறுபடி ஆரம்பிப்பார். எத்தனை முறை தட்டினாலும் ஒரு தடவைகூட "போதும்" என்று சொன்னதில்லை.

*

முதலில் எழுதிய அம்மாதான். மகனைப் பற்றி எழுதியவருக்கு நன்றி, முதல் பத்து அடியை நானும் இனி கவனிக்கிறேன். இவளுக்கு இப்போது 7 வயது, வலி மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வருகிறது. போன வாரம் ஒரு ராத்திரி இருட்டில் எண்ணும் சத்தம் கேட்டு விழித்தேன். என்னை எழுப்பாமல் தானே காலை நீட்டி, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு 8, 9 என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து காலை மடியில் எடுத்துக்கொண்டேன். 10-லிருந்து சேர்ந்து எண்ணினோம்.