டாட் சிஏ முகவரி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மயிலாப்பூரில் பருப்புப்பொடி, ரசப்பொடி அரைத்து விற்கிறோம். டொராண்டோ பக்கம் ஆர்டர் பரவாயில்லை என்பதால் கடைப் பெயரில் கனடாவுக்கான டாட் சிஏ (.ca) இணைய முகவரி வாங்கப் பார்த்தோம். நம் நாட்டு டாட் இன் (.in) யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இதற்கோ கனடாக் குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை, அங்கே பதிந்த கம்பெனி என்று ஏதாவது ஒன்று வேண்டுமாம். இல்லையென்றால் கனடாவில் பதிவான டிரேட்மார்க். அந்தச் சொல் எழுத்துப் பிசகாமல் முகவரியில் இருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது இந்திய டிரேட்மார்க், அங்கே செல்லாது.

ஸ்கார்பரோவில் இருக்கும் மச்சான் "என் பேர்ல எடுத்துடலாம்" என்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் முகவரி அவருடையதாகிவிடுமே! ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் கேட்கும் மாட்ரிட் முறையில் கனடா 2019இல் சேர்ந்துவிட்டது. நம் டிரேட்மார்க் அலுவலகம் வழியாக அப்படி விண்ணப்பித்தவர்கள் உண்டா? செலவு எவ்வளவு, எத்தனை மாதம் இழுக்கும்? அங்கே வக்கீல் வைக்க வேண்டியிருந்ததா? கொஞ்சம் சொல்லுங்களேன்.