எல்லெனில் ஏறி ஏரோ தீவுக்கு

ஹெர்னிங், டென்மார்க்கிலிருந்து:

ஜெர்மனியில் இருக்கிற மச்சாளுக்கு அங்கே கல்யாண எழுத்து, அதாவது திருமணப் பதிவு, வைக்கக் காகிதங்கள் சரிவரவில்லை. இப்படி அலைகிற வெளிநாட்டுச் சோடிகள் பலர் டென்மார்க்கின் ஏரோ தீவுக்கு வந்துதான் எழுதுகிறார்கள். நாங்களும் இரண்டு காரில் கிளம்பினோம். அல்ஸ் தீவின் ஃபின்ஸ்ஹாவ் துறையில் ஏறி, ஏரோவின் சோபியில் இறங்க வேண்டும். ஓடுவது எல்லென் என்கிற மின்சார ஃபெரி.

இதே வழியில் முன்பு டீசல் ஃபெரியில் போயிருக்கிறேன். காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் முகத்தில் எண்ணெய்ப் புகை அடிக்கும், காலடியில் இரும்புத் தட்டு அதிரும். மாமிக்கு ஒவ்வொரு முறையும் சத்தி. அவவின் வயிற்றைக் கெடுத்தது அலை இல்லை, அந்த மணம்தான் என்பது இந்த முறைதான் தெரிந்தது. போகும்போதே சாண்ட்விச் சாப்பிட்டா. நேரமும் குறைவு. முன்பு 70 நிமிடம் எடுத்த கடல், இப்போது 55 நிமிடம்.

எனக்கு வேடிக்கையாக இருந்தது சார்ஜ் போடுகிற ஏற்பாடு. சோபியில் கட்டியதும் கரையில் நிற்கிற ஒரு இயந்திரக் கை தானாக வந்து கப்பலோடு பொருந்திக்கொள்கிறது. ஃபின்ஸ்ஹாவில் சார்ஜ் வசதி கிடையாது. அதனால் போய்வர 22 கடல் மைலுக்கும், அதாவது சுமார் 40 கிலோமீட்டருக்கும், ஒரே சார்ஜ்தான். ஆபத்துக்கு என்று ஒரு டீசல் ஜெனரேட்டர்கூட உள்ளே இல்லை. நடுக்கடலில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கயிறு கட்டுகிற பையனிடம் கேட்டேன். தினமும் யாராவது கேட்கிற கேள்வி போல, சிரித்துவிட்டுப் போய்விட்டான். 2022-ல் இதே கப்பல் ஒரே சார்ஜில் 50 கடல் மைல் ஓடியிருக்கிறது. பையன் சிரித்ததில் பிழையில்லை.

பேட்டரி 4.3 மெகாவாட்-மணி, அதாவது 4,300 யூனிட். போய்வர ஏறக்குறைய 1,600 யூனிட் போகிறதாம். கப்பலின் உடல் போலந்தில் செய்தது, மற்ற வேலை முடிந்தது சோபியிலேயே இருக்கிற கப்பல் பட்டறையில். 2019 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. ஆறாயிரம் பேர் வாழ்கிற தீவு இவ்வளவு பெரிய செலவைத் தனியாகத் தாங்காது, ஐரோப்பிய ஒன்றியத்தின் காசு வந்ததால்தான் நடந்தது. இதைச் சொல்லாமல் 'சின்னத் தீவு சாதித்தது' என்று மட்டும் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு டீசலைவிடச் செலவு குறைவு என்பதும் உண்மை.

எழுத்து முடிந்தது. மழை.

டொராண்டோவிலிருந்து:

அண்ணா, உங்களுக்குக் கப்பலும் சார்ஜரும் சேர்ந்தே வந்திருக்கின்றன. இங்கே கிங்ஸ்டனில் வுல்ஃப் தீவுக்குப் போகிற ஃபெரியில் நடந்தது வேறு கதை. 1970களில் கட்டிய வுல்ஃப் ஐலண்டர் III, 55 கார் ஏற்றும். கோடையில் வார இறுதி என்றால் வரிசை தெரு வரை வரும், நாங்கள் ஒருமுறை பிள்ளைகளோடு இரண்டு ஃபெரியைத் தவறவிட்டோம். அதற்குப் பதிலாக 75 கார் ஏற்றுகிற மின்சாரக் கப்பலை ருமேனியாவில் கட்டி 2021-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். பயணிகளை ஏற்றியது 2024 ஆகஸ்டில்! கப்பல் வாங்குகிறவர்கள் முதலில் துறையைக் கட்டட்டும், அதை ஓட்ட ஆட்களைப் பழக்கட்டும், மின்கம்பியை இழுக்கட்டும். அப்புறம் கப்பலைக் கூப்பிடலாம். ஆனாலும் ஃபெரி இலவசம் என்பதால் அதிகம் திட்டவும் மனம் வரவில்லை.

காரைநகரிலிருந்து:

இரண்டு பேருடையதையும் வாசித்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்காவற்துறைக்குப் போக எங்களுக்கு இன்னும் பாதைதான், ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கிற மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம். அது பழுதாகிவிட்டால் யாழ்ப்பாணம் சுற்றி வண்டி ஓட்ட வேண்டும். கடல் என்னவோ சின்னது. ஏரோவுக்கு வேண்டிய பேட்டரியில் ஒரு துண்டு எங்களுக்குப் போதும், சார்ஜ் போடவும் ஒரு கரை போதும். இவ்வளவு குறுகிய கடலுக்குத்தான் மின்சாரம் முதலில் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லெனின் அந்த இயந்திரக் கை உப்புக்காற்றில் எப்படித் தாங்குகிறது என்று யாராவது விசாரித்தீர்களா?