கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்குக் குடிவந்தாச்சு, வீட்டுக்குள்ளயே குளிருதுங்க. என்ன பண்றது?

கோவை மருமகள்:
வணக்கமுங்க. வீட்டுக்காரருக்கு இங்க ஒரு மெடிக்கல் காலேஜ்ல பாடம் எடுக்கற வேலை. சோவியத் காலத்து அபார்ட்மெண்ட், நாலாவது மாடி. அக்டோபர் பாதி ஆயிடுச்சு, ஜன்னலுக்குக் கீழ இருக்கற ஹீட்டர் ஐஸாக் கெடக்கு. சுவிட்ச் எங்கன்னே தெரியல. ஹவுஸ் ஓனரம்மாகிட்டக் கேட்டா ரஷ்யன்ல ஏதோ சொல்லிச் சிரிக்கறாங்க. இட்லி மாவும் பொங்கவே மாட்டேங்குது, கொண்டுவந்த அரிசியும் தீரப்போகுது. பஸ்ல எழுதியிருக்கறது ஒரு எழுத்துகூடப் புரியலைங்க. இங்க இருக்கறவங்க சொல்லுங்களேன்.

சம்சா அக்கா:
சுவிட்ச் உங்க வீட்ல இல்லம்மா, ஊருக்கே பொதுவா ஒண்ணுதான். 1961ல ஓட ஆரம்பிச்ச அனல்மின் நிலையம் இருக்கு, அங்கிருந்துதான் சுடுதண்ணி குழாய் வழியா வீட்டுக்கு வருது. சராசரி வெப்பம் 8 டிகிரிக்குக் கீழ இறங்கி சில நாள் அப்படியே நின்னாத்தான் திறந்துவிடுவாங்க. வழக்கமா நவம்பர் ஆரம்பத்துல. அப்புறம் பாருங்க, வேர்த்துக் கொட்டி நீங்களே ஜன்னலத் திறப்பீங்க. பழைய கட்டடத்துல சூட்டைக் குறைக்கவும் வழியிருக்காது. ஆனாலும் ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கிப் போடுங்க. 2024 பிப்ரவரில அந்த நிலையத்துல வெடிவிபத்து நடந்து, நடுங்கற குளிர்ல வீட்டுக் குழாயெல்லாம் ஆறிப்போச்சு. கோடையில பராமரிப்புன்னு வாரக்கணக்குல சுடுதண்ணிய நிறுத்துவாங்க, அதுக்கும் தயாரா இருங்க.

ஹீட்டர் சூடானதும் மாவுப் பாத்திரத்த அதுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு வைங்க. மேலயே வெச்சா அடிமாவு வெந்துடும். ஓஷ் பஜார்ல குட்டையா உருண்டையா கிராஸ்னதார் அரிசின்னு விப்பாங்க, இட்லிக்கு அது போதும். பக்கத்துலயே சிவப்பா உஸ்கென் அரிசி இருக்கும். பிலாவ் பண்ண அருமை, விலையும் ஜாஸ்தி, அரைச்சு வீணாக்காதீங்க. சீரகம் மூட்டை மூட்டையாக் கிடைக்கும். உளுந்து, புளி, கறிவேப்பிலையெல்லாம் ஊர்லருந்து வர்றவங்க பெட்டில சொல்லிவிடுங்க. துவரம்பருப்பு தீர்ந்தா 'கரோஹ்'னு கேட்டு மஞ்சள் பட்டாணிப் பருப்பு வாங்குங்க. சாம்பார் கொழகொழன்னுதான் வரும். பெருங்காயத்தத் தூக்கலாப் போட்டுட்டா வீட்டுக்காரர் கண்டுபிடிக்கமாட்டார்.

மூணாம் வருஷம்:
அக்கா, பஸ்ஸுக்கு டூஜிஸ் (2GIS) ஆப் போடுங்க. மேப்ப இறக்கி வெச்சுட்டா நெட் இல்லாமலும் ஓடும், எந்த நம்பர் எங்க போகுதுன்னு காட்டும். ஆனா யார்கிட்டயாவது வழி கேட்டா பழைய பேரத்தான் சொல்வாங்க. மேப்ல அப்த்ரக்மானவ்னு போட்டிருக்கற தெரு, பாட்டிங்க வாயில இன்னும் சவேத்ஸ்கயாதான். இருட்டினப்புறம் ரோட்டோரம் பார்த்து நடங்க. வாய்க்கால் பல இடத்துல திறந்தே கெடக்கும்.

கோவை மருமகள்:
ரொம்ப நன்றிங்க. குளிர்காலத்துல புகை மோசம்ங்கறாங்களே, நிஜமாங்களா? பையனுக்கு வீசிங் இருக்குதுங்க.

சம்சா அக்கா:
நிஜம்தாம்மா. டிசம்பர், ஜனவரில புறநகர் வீடுகள்ல நிலக்கரி எரிப்பாங்க, காத்து அசையாத நாள்ல புகை அப்படியே ஊர் மேல படுத்துக்கும். தெற்கே மலைப்பக்கம் மேல போகப்போகப் பரவால்ல. அக்ரிமெண்ட்ல இன்னும் கையெழுத்துப் போடலேன்னா முதல்ல அந்தப் பக்கம் வீடு பாருங்க.