மனைக்குப் பின்னால் பள்ளம்: வாங்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் 1200 சதுர அடி மனை பார்த்தோம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் பின்பக்கம் முழங்கால் ஆழப் பள்ளம், கோரைப்புல் அடர்ந்து நிற்கிறது. “சும்மா பள்ளம்தான், மண் கொட்டி மேடாக்கிடலாம்” என்கிறார் விற்பவர். மனசு ஒப்பவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1: தம்பி, கோரை நிற்கிறது என்றால் அங்கே தண்ணீர் தங்குகிறது. அந்த சர்வே எண்ணுக்குப் புலப்படம் (நில அளவை வரைபடம்) எடுங்கள், நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் அதைத் தொடவே கூடாது. எங்கள் தெருவில் இப்படித்தான் ஓர் ஓடையைத் தூர்த்து மனை போட்டார்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் பழைய வழியிலேயே வந்தது. சமையலறையில் கேஸ் சிலிண்டர் மிதந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பதில் 2: பட்டா நிலமாகவே இருந்தாலும் கவனம். மேட்டு நிலத்து மழைநீர் இயல்பாகப் பள்ளத்துக்கு இறங்குவதை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் உரிமையாகவே ஏற்கிறது. நீங்கள் மேடாக்கினால் பக்கத்து மனைக்காரர் வழக்குப் போடலாம்.

கேட்டவர்: நன்றி அண்ணே. புலப்படம் எடுத்தேன். பள்ளம் இருக்கும் இடத்தில் வாய்க்கால் கோடு ஓடுகிறது. முன்பணம் கொடுக்கவில்லை.