மறு: ஆம்பர் ஏலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> அம்பர் என்ற சொல் தமிழிலேயே இருக்கிறதே. அம்பர் ஏல் என்று எழுதிவிட்டுப் போகலாமே.

எழுதலாம்தான். ஆம்பர் ஏல் என்பது செம்பழுப்பு நிற பீர் வகை; ஏல் என்பது பீரில் ஒரு பெரும்பிரிவு, லாகர் இன்னொன்று. ஆனால் அம்பர் என்றதும் நம்மவருக்கு அத்தர்க் கடைதான் நினைவுக்கு வரும். அது திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் வாசனைப் பொருள். இந்த பீரில் அந்த வாசனையும் இல்லை, ஆங்கிலத்தில் ஆம்பர் என்கிற, மரப்பிசின் உறைந்த மணியும் இல்லை. இருப்பது நிறம் மட்டுமே.

> ஏல் = தேறல். சங்கத் தமிழ் இருக்கக் கடன் எதற்கு?

ஐயா, தேறல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது தெளிந்த கள். பீரில் தெளிவுக்குப் பேர்போனது லாகர். குளிரில் வாரக்கணக்கில் கிடத்தி வைப்பதால் நுரைமம் (ஈஸ்ட்) அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். தேறலை யாருக்காவது கொடுப்பதென்றால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். ஏலில் நுரைமம் மேலே திரண்டு பொங்கும். ஏறத்தாழ 15 முதல் 22 டிகிரிச் சூட்டில் சில நாளில் வேலை முடிந்துவிடும். பாடநூலுக்கு 'மேல்நொதி பீர்' போதும். வகைப் பெயர்களில் 'ஏல்' அப்படியே இருக்கட்டும்.

செந்நிற ஏல் என்று ஒருவர் எழுதியிருந்தார். அயர்லாந்துக்காரர்களின் ரெட் ஏலை என்ன செய்வது? அதில் வறுத்த பார்லி கொஞ்சம் விழும், முடிவில் வாய் வறண்டாற்போல் இருக்கும். இது வேறு சரக்கு.

நிறத்தை விட்டுவிட்டு, அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வழி கிடைக்கும். சாதாரண மால்ட்டுக்கு முளைவிட்ட பார்லியைச் சூளையில் காயவைப்பார்கள். ஆம்பர் ஏலுக்கு நிறம் தரும் கிரிஸ்டல் மால்ட்டுக்கு அப்படியில்லை. முளையை ஈரத்தோடே மூடிய உருளையில் போட்டு 65-70 டிகிரியில் வைப்பார்கள். ஈரம் வெளியேற வழியில்லை; உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். பிறகு சூட்டை ஏற்றினால் அந்தச் சர்க்கரை பாகாகிச் சிவந்து, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகும். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள், கடலைமிட்டாய் விளிம்பில் லேசாகக் கருகிய பாகு மாதிரி நொறுங்கும். இந்தச் சர்க்கரை முழுவதையும் நுரைமத்தால் தின்ன முடியாது. மீதிதான் பீருக்கு இனிப்பும் கனமும் தருகிறது.

ஆகவே கிரிஸ்டல் மால்ட் = பாகுமுளை. அதிலிருந்து ஆம்பர் ஏல் = செம்பாகு ஏல்.

இதில் இன்னொரு வசதி. ஆம்பர் மால்ட் என்று தனியாக ஒன்று உண்டு. இங்கிலாந்தில் போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பீர் காய்ச்சப் பயன்பட்டது, உலர வறுத்தது, பிஸ்கட் வாசனை அடிக்கும். ஆம்பர் ஏலுக்கு அது தேவையே இல்லை. இரண்டுக்கும் ஒரே முன்னொட்டைப் போட்டால் படிக்கிற பையன் அதைத்தான் வாங்கிக் கொட்டுவான். அதற்கு 'இளவறு முளை' என்று வைக்கலாம்.

வகை பிறந்த இடம் அமெரிக்கா. 1980களில் அங்கே கடைக்குக் கடை வெளிறிய லாகர்; சிறு வடிப்பாளர்கள் வேறுபட்டு நிற்க நிறமும் கனமும் தேடினார்கள். கலிபோர்னியாவின் ஹாப்லாண்டில் மென்டோசினோ நிறுவனம் 1983-ல் ரெட் டெயில் ஏல் கொண்டுவந்தது. கொலராடோவில் நியூ பெல்ஜியத்தின் ஃபேட் டயர் 1991. ஒரே வகைக்கு ஒருவர் ரெட் என்றும் இன்னொருவர் ஆம்பர் என்றும் போட்டதால் 'செம்' தாராளமாகப் பொருந்தும். கேஸ்கேட் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) பம்ப்ளிமாஸ் தோல் வாசனையும் இதில் பாதி, ஆனால் அதையும் பெயருக்குள் திணிக்க வேண்டாம்.

———

மறு: மறு: ஆம்பர் ஏலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பாகுமுளை பிரமாதம். செம்பாகு ஏல்தான் இடிக்கிறது தம்பி. பாகு என்றால் சர்க்கரைப் பாகு ஊற்றிக் காய்ச்சியது என்றுதான் எவரும் நினைப்பார். பெல்ஜியத்து டுப்பெல் என்ற பீரில் உண்மையாகவே கருஞ்சர்க்கரைப் பாகு ஊற்றுகிறார்கள். அவன் வந்து பெயரைக் கேட்டால் என்ன சொல்வாய்? இன்னொன்று, ஃபேட் டயரே 2023-ல் பொன்னிறத்துக்கு மாறி, ஆம்பர் என்ற சொல்லையும் கழற்றிவிட்டது. அதை எடுத்துக்காட்டாகப் போடுவதானால் ஆண்டையும் சேர்த்துப் போடு.

தேறலை லாகருக்கு என்றாவது தருகிறாயே, அதுவரை சரி.

———

மறு: மறு: மறு: ஆம்பர் ஏலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

டுப்பெலில் ஊற்றும் பாகு கிட்டத்தட்ட முழுக்க நொதித்துப்போகும் ஐயா. போதை ஏறும், பீரின் கனம் குறையும். இங்கே நேரெதிர், பாகு மிஞ்சி நின்று கனம் கூட்டுகிறது. அதைப் 'பாகூற்று ஏல்' என்று பிரித்துவிட்டால் சண்டை தீரும். ஆண்டைச் சேர்த்துவிடுகிறேன். பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் அளவுகளோடு பதிவு இப்படி:

செம்பாகு ஏல் (பெயர்ச்சொல்): பாகுமுளையால் செந்நிறமும் கருகிய சர்க்கரைச் சுவையும் பெறும் அமெரிக்க மேல்நொதி பீர். சாராய அளவு 4.5–6.2%, கசப்பு அலகு 25–40, எஸ்ஆர்எம் நிற அளவில் 10–17. ஒப்பிடுக: இளவறு முளை, பாகூற்று ஏல்.

'சாராய அளவு' என்பதற்கு மட்டும் வேறு சொல் வேண்டும். புதிய இழை தொடங்குகிறேன்.