மறு: 'கௌதிலியோ'வுக்குத் தமிழ் என்ன?

ச.மு.:
நண்பர்களே, பட்ட வகுப்புக்கான அர்ஜென்டின வரலாற்று நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கௌதிலியோ' (caudillo) என்ற ஸ்பானியச் சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1810-இல் புவனோஸ் ஐரிஸில் ஸ்பெயினின் வைஸ்ராயை இறக்கினார்கள். 1820-இல் செபேதா போரோடு மைய அரசும் விழுந்தது. அப்புறம் மாகாணத்துக்கு ஒருவராக, சொந்தப் படையோடு எழுந்த தலைவர்களுக்குத்தான் இந்தப் பெயர்: சாந்தா ஃபேயில் லோபஸ், லா ரியோஹாவில் கிரோகா, புவனோஸ் ஐரிஸில் ரோசாஸ். 'குறுநில மன்னர்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

இரா.:
சரியில்லை ஐயா. மன்னர் என்றால் முடியும் வாரிசும் உண்டு. ரோசாஸ் 1829-இல் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த ஆளுநர். 1835-இல் அதே மன்றம் முழு அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தது, வாக்கெடுப்பும் நடந்தது. 'பாளையக்காரர்' எனலாமே? நிலம், ஆள், குதிரை எல்லாம் பொருந்துகின்றன.

பு.:
பாளையக்காரருக்கு மேலே நாயக்கர் இருந்தார். பாளையம் அவர் தந்தது. கௌதிலியோவுக்கு மேலே யாருமே இல்லை, அதுதான் அங்கே சிக்கல். ரோசாஸின் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த கௌச்சோக்களே, அதாவது குதிரையேறி மாடு மேய்ப்பவர்களே, சிவப்பு உடை உடுத்து அவருடைய குதிரைப்படை ஆனார்கள். கூலி, காவல், தண்டனை மூன்றும் அவர் கையில். ஆகவே 'படைக்கிழார்' என்கிறேன். கிழமை என்றால் உரிமை. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழாரை நினையுங்கள். நன்னூல் ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிக்கும். சாத்தனது கை தற்கிழமை, சாத்தனது வீடு பிறிதின்கிழமை. கூலிப்படை பிறிதின்கிழமை. பண்ணையாளே படையாளாகும்போது அது தற்கிழமையை ஒட்டி வந்துவிடுகிறது.

மு.ந.:
இலக்கணம் அழகாக இருக்கிறது அம்மா. ஆனால் வகுப்பில் நின்று சொல்லப்போகிறவன் நான். படைக்கிழார் என்றதும் பிள்ளைகள் சேக்கிழாரிடம் போய்விடுவார்கள். கௌச்சோவைத் தமிழாக்கினோமா? இதையும் அப்படியே விடுங்கள்.

இரா.:
எந்த ஒலியை விடுவது? மாட்ரிடில் 'காவுதியோ', புவனோஸ் ஐரிஸில் 'காவுதிஷோ'. நாம் எழுதும் வடிவமோ கௌடில்யருக்குப் பக்கத்தில் நிற்கிறது. லத்தீன் வேரின் பொருள் 'தலை'. நம்மிடமும் தலையாரி இருக்கிறார்.

பு.:
தலையாரி ஊர்க்காவலுக்கு வைத்த ஆள். வேர் ஒத்துப்போனால் போதாது, பதவியும் ஒத்துப்போக வேண்டும்.

ச.மு.:
எல்லாம் கேட்டபின் 'படைக்கிழார்' பக்கமே சாய்கிறேன். முதலில் வரும் இடத்தில் 'கௌதிலியோ எனப்படும் படைக்கிழார்' என்றும், பிறகு வெறும் படைக்கிழார் என்றும் அனுப்பிவிடுகிறேன். இனி நேரமில்லை.

தே.:
அனுப்புமுன் ஒன்று கேளுங்கள். ரோசாஸ் ஆட்சியில் சிவப்பு நாடா இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. ஆண்களுக்கு நெஞ்சில், பெண்களுக்குக் கூந்தலில். யூனிட்டேரியர்கள், அதாவது மைய அரசு வேண்டுமென்ற எதிர்க்கட்சியினர், சாக வேண்டும் என்ற முழக்கம் அரசுத் தாள்களின் உச்சியிலேயே இருக்கும். அவருடைய ஆதரவாளர்களின் மஸோர்க்கா கும்பல் எதிரிகளைக் கழுத்தறுத்துக் கொன்றது. இவர்களுக்கு 'ஆர்' விகுதியா? 'படைக்கிழான்' ஆக்குங்கள்.

பு.:
அப்படி ஆக்கினால் தீர்ப்பையும் நாமே எழுதிவிடுகிறோம். 1845-இல் பரானா ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டி ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்களை மறித்தது ரோசாஸின் அரசு. அதற்காக நவம்பர் 20-ஐ இன்றும் தேசிய இறையாண்மை நாளாகக் கொண்டாடுகிறார்கள். சொல் எந்தப் பக்கமும் சாயக்கூடாது.

தே.:
'ஆர்' மட்டும் சாயவில்லையா? என் மறுப்பைக் குறித்துவையுங்கள். 1852-இல் காசெரோஸ் போரில் ரோசாஸை வீழ்த்திய ஊர்கிஸாவும் எந்த்ரே ரியோஸ் மாகாணத்தின் பெரும் பண்ணைக்காரர், படை வைத்திருந்தவர். மறு ஆண்டு அரசியல் சட்டம் வரக் காரணமானவரும் அவரே. அவருக்கும் இதே சொல்தானா? அந்த அத்தியாயம் இன்னும் அச்சுக்குப் போகவில்லையே.